மன அழுத்தமா, மனச்சோர்வா? இளைஞர்களின் மனநல அறிவை அளப்பது பற்றி

சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மாவட்டத்தில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மனநலம் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று ஆய்வு செய்யப் போகிறேன். எந்த வினாத்தாளைப் பயன்படுத்தலாம்? ஆங்கிலத்தில் இருக்கும் எம்.எச்.எல்.எஸ். என்ற மனநல அறிவு அளவையைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதுமா? எத்தனை மார்க் எடுத்தால் 'நல்ல அறிவு' என்று எழுதலாம்?"

எடுத்தவுடன் சொல்லிவிடுகிறேன். நல்ல அளவைகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாது. இந்த மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: வினாத்தாளில் இருக்கும் சொற்களை அந்தப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நான் படித்துப் பார்த்த பல ஆய்வறிக்கைகளில் விட்டுப்போயிருப்பது இதுதான்.

முதலில் எதை அளக்கப் போகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். மனநல அறிவு வேறு, மனநிலை வேறு. பி.எச்.க்யூ-9 போன்ற வினாத்தாள்கள், கடந்த இரண்டு வாரங்களில் ஒருவருக்கு மனச்சோர்வின் (டிப்ரஷன்) அறிகுறிகள் எவ்வளவு இருந்தன என்று கேட்பவை. அதை வைத்துக்கொண்டு மனச்சோர்வைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று சொல்ல முடியாது. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கே தனக்கு வந்திருப்பது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். எல்லாம் தெரிந்த நர்சிங் மாணவிக்கும் அது வரலாம். இரண்டையும் ஒரே ஆய்வில் அளப்பது தப்பில்லை, ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடக் கூடாது. வைவாவில் இந்த இடத்தில் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனநல அறிவு என்பதை ஒரு கருத்தாக முன்வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆந்தனி ஜோர்மும் அவருடன் பணியாற்றியவர்களும். 1997-ல் அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: மனநோய்களை அடையாளம் காணவும், சமாளிக்கவும், வராமல் தடுக்கவும் உதவுகிற அறிவும் நம்பிக்கைகளும். நம்பிக்கையையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். நோயின் பெயர் தெரிந்திருந்தாலும் 'மனசு வைத்தால் சரியாகிவிடும்' என்று நம்புகிறவர் டாக்டரிடம் போகமாட்டார். அவர்கள் 2,031 பேரிடம் ஒரு மனிதரின் கதையைச் சொல்லி, இவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். மனச்சோர்வுக் கதையை 39 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) கதையை 27 சதவீதம் பேர். தென்னிந்தியாவில் ப்ளஸ் டூ வயது மாணவர்களிடம் இதே முறையில் செய்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் மனச்சோர்வைக் கண்டுபிடித்தவர்கள் சுமார் 29 சதவீதம், மனச்சிதைவைக் கண்டுபிடித்தவர்கள் 1.3 சதவீதம்தான்.

இளவயதினரை அளப்பதற்குக் காரணம் வலுவானது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. நோய் தொடங்குகிற வயதில் இருப்பவருக்கும், அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் ரூம்மேட்டுக்கும் இது என்னவென்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, அளவைகளுக்கு வருவோம்.

நீங்கள் கேட்ட எம்.எச்.எல்.எஸ். 2015-ல் ஆஸ்திரேலியாவில் ஓ'கானரும் கேசியும் உருவாக்கியது. 35 கேள்விகள். முதல் 15-க்கு நான்கு விடைகள், மற்ற 20-க்கு ஐந்து விடைகள். அதனால் மொத்த மதிப்பெண் 35-லிருந்து 160 வரை போகும். 12 கேள்விகளைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும், அதாவது அதிக எண்ணுள்ள விடைக்குக் குறைந்த மதிப்பெண். இதில் தவறினால் எல்லாமே தவறிவிடும், ஆகவே எக்செலில் இரண்டு முறை சரிபாருங்கள். அவர்களின் மாதிரியில் பல்கலைக்கழக மாணவர்களின் சராசரி சுமார் 127, மனநலத் துறையில் வேலை செய்பவர்களின் சராசரி சுமார் 145. தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் அளவை பிரித்துக் காட்டுகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

இன்னொன்று, போர்ச்சுகலில் உருவான எம்.எச்.எல்.க்யூ. அதில் இளைஞர்களுக்கென்றே 2018-ல் ஒரு வடிவம் வந்தது. 29 வாக்கியங்கள், நான்கு பிரிவுகள்: மனநலப் பிரச்சினைகள் பற்றிய அறிவு, தவறான நம்பிக்கைகள், முதலுதவியும் உதவி தேடுதலும், தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடியவை. வயது பொருந்துவதாலும் வாக்கியங்கள் எளிமையாக இருப்பதாலும் உங்கள் ஆய்வுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். ரொம்பச் சின்னதாக வேண்டுமென்றால் மேக்ஸ் என்ற 12 கேள்வி அளவை இருக்கிறது, 2010-ல் இங்கிலாந்தில் வந்தது. அதில் கடைசி ஆறு கேள்விகள் ஆறு நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றும் மனநோயா இல்லையா என்று கேட்கும். மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, போதைப் பழக்கம் ஆகியவற்றுடன் ஸ்ட்ரெஸ்ஸும் இழப்பின் துக்கமும் பட்டியலில் இருக்கும். இந்த இரண்டும் நோயல்ல. அதைப் பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இந்த ஆறு கேள்விகளின் தமிழ் வரைவைக் கையில் கொடுத்து, பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம், வாசிக்கும்போது மனதில் என்ன ஓடுகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். 'மன அழுத்தம்' என்ற வரிக்கு வந்ததும் அவருடைய பேனா, டிக் அடிக்கும் பெட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. "சார், இது எந்த மன அழுத்தம்? எக்ஸாம் டென்ஷன் மாதிரியா, இல்ல டிப்ரஷனா?" நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். மேல் வரியைத் திரும்பப் படித்தார். அங்கே 'மனச்சோர்வு' என்று இருந்தது. "சோர்வுன்னா அசதிதானே. அப்போ அது நோய் இல்ல. இதுதான் டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டே மனச்சோர்வு நோயல்ல என்றும் மன அழுத்தம் நோய் என்றும் குறித்தார். விடைக்குறிப்பின்படி இரண்டுமே தவறு. ஆனால் டிப்ரஷன் ஒரு நோய், பரீட்சை டென்ஷன் நோயல்ல என்று அந்தப் பெண்ணுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. தோற்றுப்போனது நம் வினாத்தாள்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்குமே மன அழுத்தம் என்று எழுதிப் பழக்கிவிட்டன. 'மனச்சோர்வு' என்ற சொல் பாடநூலில் தெளிவாக இருக்கிறது, பேச்சில் இல்லை. அதனால் வினாத்தாளில் 'மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன்' என்று தமிழ் எழுத்திலேயே சேர்த்துப் போடுங்கள். ஸ்ட்ரெஸ், ஆங்சைட்டி, பேனிக் அட்டாக் என்ற சொற்களையும் அப்படியே. தனித்தமிழ் ஆர்வம் எனக்கும் உண்டு, ஆனால் அளக்கும்போது அவர்கள் பேசும் சொல்தான் அளவுகோல். 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை எந்தக் கேள்வியிலும் வைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரங்கள் அந்தச் சொல்லை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டன.

'கவுன்சிலிங்' என்பதும் அப்படித்தான். "கவுன்சிலிங் போனால் பலன் கிடைக்கும்" என்ற வாக்கியத்தைப் படித்த ஒரு முதலாம் ஆண்டு மாணவர், தான் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று காத்திருந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 'மனநல ஆலோசகரிடம் பேசுவது' என்று விரித்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது. இலங்கையில் ஆய்வு செய்பவர்கள் 'உளவளத்துணை' என்று எழுதலாம், அங்கே அது புழக்கத்தில் உள்ள சொல். ஒரே தமிழ் வினாத்தாளை மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்படியே கொடுக்க முடியாது.

சொல் மட்டுமல்ல, சில கேள்விகளின் சரியான விடையே இடம் மாறினால் மாறிவிடும். எம்.எச்.எல்.எஸ்.-ல் ஒரு கேள்வி, ஆஸ்திரேலியாவில் ஆண்களை விடப் பெண்களுக்கு ஏதாவது ஒரு மனநோய் வருவதற்கு வாய்ப்பு அதிகமா என்று கேட்கும். 'ஆம்' என்ற பக்கம் போனால் அதிக மதிப்பெண். மொழிபெயர்ப்பவர் ஆஸ்திரேலியாவை எடுத்துவிட்டு இந்தியா என்று போட்டு, பழைய விடைக்குறிப்பையே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு ஆண்களில் 13.9 சதவீதம், பெண்களில் 7.5 சதவீதம். மதுப் பழக்கத்தால் வரும் கோளாறுகளும் அதில் சேர்வதால் ஆண்களின் எண்ணிக்கை கூடுகிறது. மனச்சோர்வையும் பதற்றத்தையும் மட்டும் எடுத்தால் பெண்களிடம்தான் அதிகம். அக்கம்பக்கத்துக் குடிப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த பையன், நம் ஊர் நிலவரத்தைச் சரியாகச் சொல்லியும் மதிப்பெண்ணை இழப்பான்.

ரகசியம் காப்பது பற்றிய கேள்வியையும் நம் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத பிரச்சினையை, மற்றவர்கள் உங்களுக்கு இன்னும் நன்றாக உதவட்டும் என்பதற்காக மனநல நிபுணர் வெளியே சொல்லலாமா என்று எம்.எச்.எல்.எஸ். கேட்கிறது. கூடாது என்பது எதிர்பார்க்கும் விடை. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைக்கிறது. கூடவே, நோயாளி நியமித்த பிரதிநிதிக்கும் சிகிச்சையில் ஈடுபடும் மற்ற மருத்துவர்களுக்கும் தேவையான அளவு தகவல் தரலாம் என்கிறது. கேள்வியை இதற்கேற்ப மாற்றி எழுதாமல் மதிப்பெண் போடுவது நியாயமில்லை.

அப்புறம் கல்யாணக் கேள்வி. மனநோய் உள்ள ஒருவர் உங்கள் குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டு வருவதற்கு எவ்வளவு சம்மதிப்பீர்கள் என்று எம்.எச்.எல்.எஸ். கேட்கும். மனதில் விலக்கி வைக்கும் எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான கேள்வி அது. நம் ஊர்ப் பத்தொன்பது வயதுப் பெண் "அதெல்லாம் வீட்ல முடிவு பண்றது" என்பார். அவர் சொல்வது தன் மனப்பான்மையை அல்ல, வீட்டு அதிகாரத்தை. அதை நீக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் தங்குவீர்களா? அதை அவரே முடிவு செய்ய முடியும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க முன்னும் பின்னும் மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது மட்டும் உதவாது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கியவர் மன அழுத்தத்தை 'ஸ்ட்ரெஸ்' என்று அழகாகத் திருப்பித் தந்துவிடுவார். தாளில் எல்லாம் சரியாகத் தெரியும். படிக்கிற பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் பத்துப் பதினைந்து பேரோடு தனித்தனியாக உட்கார்ந்து, நான் மேலே சொன்ன மாதிரி சத்தமாக யோசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கில வழியில் படித்தவர், தமிழ் வழியில் படித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர், முதல் தலைமுறைப் பட்டதாரி என்று கலந்து எடுங்கள். ஒரு வாரம் போதும். உங்கள் கைடு அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அளவையோடு ஒரு கதையையும் வைக்கச் சொல்வேன். ஜோர்ம் செய்தது அதைத்தான், இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை. டிக் அடிக்கும் பட்டியலில் 'மனச்சோர்வு' என்ற சொல் கண்ணெதிரே இருப்பதால் ஊகித்துவிடலாம். கதையில் அவரே சொல்லைத் தேட வேண்டும். கதை நம் ஊர்க் கதையாக இருக்கட்டும். ஒரு மாதிரி தருகிறேன்:

"கார்த்திக்குக்கு 20 வயது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை. மெஸ்ஸில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தினமும் போகும் கிரிக்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். தலை பாரமாக, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்கிறான். படித்தது மனதில் நிற்கவில்லை. வீட்டுக்குத் தான் ஒரு சுமை என்று அம்மாவிடம் போனில் சொன்னான்."

கீழே பெட்டி எதுவும் போடாமல் வெறும் கோடு விட்டு, "கார்த்திக்குக்கு என்ன ஆகியிருக்கிறது?" என்றும், "நீங்கள் அவனுடைய ரூம்மேட் என்றால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். லவ் ஃபெயிலியர், ராத்திரி முழுக்கப் போன் பார்க்கிறான், செய்வினை, ரத்தசோகை, வீட்டு ஞாபகம் என்று பலவும் வரும். எதையும் தள்ளாமல் அப்படியே பதிவு செய்யுங்கள். உங்கள் ஆய்வில் மற்றவர்களுக்கு மிகவும் பயன்படப்போவது இந்தப் பக்கமாக இருக்கலாம். 'மன அழுத்தம்' என்று எழுதியவர்களுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள், சரியிலும் சேர்க்காதீர்கள், தவறிலும் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பார்க்காமல் குறியீடு போட்டு, எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதைக் கோஹன் கப்பாவால் காட்டுங்கள். கூடவே நோயில்லாத ஒரு கதையும் வேண்டும்: பாட்டி இறந்து பத்து நாள் ஆன பெண், அழுகிறாள், ஆனால் தோழிகளோடு சாப்பிடுகிறாள், வகுப்புக்கு வருகிறாள். அவளையும் நோயாளி என்று எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். எல்லாத் துக்கத்துக்கும் டிப்ரஷன் என்று பெயர் வைப்பதும் அறியாமைதான்.

வினாத்தாள் கொடுக்கும் நாளில் வகுப்பாசிரியர் வகுப்பில் நிற்கக் கூடாது. ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் அக்கறையோடு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார், 'மனநோயாளியுடன் நட்பு வைப்பேன்' என்பதற்கு அறுபது பேரும் முழுமையாக உடன்பட்டார்கள். அந்தத் தாள்களை நான் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒரே பத்தியில் மேலிருந்து கீழ்வரை டிக் அடித்தவர்களையும் கவனியுங்கள், தலைகீழ்க் கேள்விகளில் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழில் இரட்டை எதிர்மறையாக எழுதாதீர்கள். 'உதவி தேவையில்லை என்பதை நான் ஏற்கவில்லை' என்றால் நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பாஸ் மார்க். எம்.எச்.எல்.எஸ்.-ஐ உருவாக்கியவர்கள் இத்தனைக்கு மேல் நல்லது என்று எல்லை எதையும் தரவில்லை. பல ஆய்வறிக்கைகளில் சொந்த மாதிரியின் நடுமதிப்பில் வெட்டி, 'பாதிப் பேருக்குப் போதிய அறிவு இல்லை' என்று எழுதுகிறார்கள். நடுமதிப்பில் வெட்டினால் மனநல மருத்துவர்களை உட்கார வைத்தாலும் பாதிப் பேர் கீழேதான் வருவார்கள். அது கண்டுபிடிப்பு அல்ல, கணக்கின் இயல்பு. சராசரியையும் பரவலையும் கொடுங்கள். பிரிவு வாரியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. மனநல அறிவு என்பதை ஒரே பொருளாகப் பார்க்காமல், பல தனித்தனிக் கூறுகள் சேர்ந்த ஒரு கோட்பாடாகப் பார்க்க வேண்டும் என்று ஸ்பைக்கரும் ஹாமரும் 2019-ல் வாதிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. நோய்களை நன்றாக அடையாளம் காணும் ஒருவர், எங்கே போவது என்று தெரியாமல் நிற்கலாம். மொத்த மதிப்பெண் இந்த இரண்டையும் கூட்டி மறைத்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும், 14416 என்ற மனநல உதவி எண் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நேரடியாகக் கேட்டுச் சதவீதத்தை எழுதினால், மாவட்ட நிர்வாகம் மறுநாளே பயன்படுத்தக்கூடிய தகவல் அது.

குரோன்பாக் ஆல்ஃபா 0.8 வந்ததால் அளவை சரியானது என்று எழுதுவதைத் தவிருங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன என்பதைத்தான் அது சொல்லும். எல்லாரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா உயர்ந்தே நிற்கும்.

மாதிரியைப் பற்றி ஒன்று. 'இளைஞர்கள்' என்று தலைப்பு வைத்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் எடுக்காதீர்கள். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தும், 2021-22 கணக்கின்படி சேர்க்கை விகிதம் 47 சதவீதம்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்ப்பவரும், ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் ஷிப்ட் முடிந்து தூங்குபவரும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவரும் அதே வயதுதான். அவர்களை அடைவது கடினம் என்றால் தலைப்பையே 'கல்லூரி மாணவர்கள்' என்று மாற்றிவிடுங்கள். முதலாம் ஆண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நெறிமுறைக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியாக, வினாத்தாளின் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு துண்டை விடுங்கள், கத்தரிக்கோல் கோடு போட்டு. அதில் டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் 104 உதவி எண், உங்கள் மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்கும் நாளும் நேரமும். மேலே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதி முடித்த பிறகே கிடைக்கும்படி தனித்தாளாகக் கொடுப்பது இன்னும் நல்லது, இல்லையென்றால் 14416 தெரியுமா என்ற கேள்விக்கு எல்லாரும் தெரியும் என்று எழுதிவிடுவார்கள். நான் இப்படிக் கொடுத்த ஒரு வகுப்பில், தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் திரும்பி வந்து, "சார், இன்னொண்ணு கிடைக்குமா, என் ரூம்மேட்டுக்கு" என்று கேட்டான். எத்தனை பேர் இருக்கிறார்களோ அதைவிடப் பத்து இருபது கூடுதலாகவே அச்சடித்துக் கொண்டுபோங்கள்.